தோல் உறைக்குள் ஒரு மழைக்காலம்

சத்தியம், தம்பி, சத்தியம்! நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்துப் பொய் இருந்தாலும் இந்தப் பஸ் அடுத்த கொண்டை ஊசி வளைவில்... வேண்டாம், உள்ளே நீங்களும் இருக்கிறீர்கள். இடி விழட்டும், என் தலையில் மட்டும் விழட்டும்.

கண்டக்டர் ஏன் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார் தெரியுமா? சற்குணம் சத்தியம் செய்ய ஆரம்பித்துவிட்டான், இன்றைக்கு எவனோ மாட்டினான் என்று சிரிக்கிறார். சிரிக்கட்டும். நான் கரடியைக் குடையால் அடித்துத் துரத்திய கதை அவருக்குத் தெரியும். சிறுத்தை என் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு போய், மறுநாள் கழுவிக் கொண்டுவந்து வாசலில் வைத்த கதையும் தெரியும். அதெல்லாம் அப்படி இப்படித்தான். சிறுத்தை கழுவவில்லை, நக்கித்தான் வைத்திருந்தது. ஆனால் இது வேறே. இதில் சிறுத்தை கிடையாது. நான் மட்டும்தான்.

ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் நாற்பது வருஷம் பத்திரம் எழுதியவன் நான். மனுவும் எழுதுவேன். என் மனுவைப் படித்த அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல் கையெழுத்துப் போட்டதில்லை. இதையும் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரும்.

எனக்கு ஒரு கூட்டாளி, பெலவேந்திரன். வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். நாங்கள் இரண்டு பேரும் வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளத்து ரிவால்வர் சேர்க்கிறவர்கள். உடனே ஏதோ ஜமீன் வாரிசுகள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆளுக்கு ஒன்றே ஒன்று. இரண்டும் வெப்ளி கம்பெனி, மார்க் ஆறு மாடல். அவனுடையது அவன் அப்பாவுக்கு எஸ்டேட் துரை ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்தது. என்னுடையது ஒரு ஜெனரல் ஏரியில் வீசியெறிந்து, நான் தூண்டில் போட்டபோது... சரி, பங்களா ஏலத்தில் எடுத்தேன்.

இன்னொரு துப்பாக்கி வாங்க வேண்டுமென்றால் லைசென்சுக்கு அலைந்தே ஆயுள் முடிந்துவிடும். அதனால் எங்கள் ஆசையெல்லாம் துப்பாக்கியைச் சுற்றி இருக்கிற சாமான்கள் மேல் போயிற்று. தோல் உறை, குண்டுப் பை, இடுப்பு வார், குழலைத் துடைக்கிற கம்பி, விரல் உயரத்துக்கு ஓர் எண்ணெய்ச் சீசா. பழைய இரும்புக் கடை, சர்ச் ஏலம், செத்துப்போன மேஜர் வீட்டுப் பரண் என்று எங்கே கிடைத்தாலும் போய் நிற்போம். முப்பத்தோரு வருஷம் இப்படி. நடுவில் எத்தனையோ சண்டை, ஆனால் ஒரு நாள் பேச்சு நின்றதில்லை.

அவனிடம் எல்லாம் இருந்தது. ஒன்றே ஒன்று இல்லை. கழுத்துக் கயிறு. ரிவால்வர் பிடியின் அடியில் ஒரு வளையம் இருக்கும். கயிற்றின் ஒரு முனை அந்த வளையத்தில், மறு முனை சிப்பாயின் கழுத்தில். குதிரை மேல் போகும்போது கை தவறினாலும் துப்பாக்கி தரையில் விழாது. பழுப்பு நிறப் பின்னல் கயிறு, இரண்டு உருண்டை முடிச்சு. அசல் கயிறு இந்த மலையிலேயே ஒன்றுதான் இருந்தது. அது என்னிடம் இருந்தது.

“யோவ், என் குண்டுப் பையும் எடுத்துக்க, எண்ணெய்ச் சீசாவும் எடுத்துக்க. கயித்தக் குடுய்யா” என்பான்.

“உன் வீட்டையே எழுதிக் குடுத்தாலும் மாட்டேன். எழுதறதும் நான்தான், எனக்குக் கூலி மிச்சம், அப்பவும் மாட்டேன்” என்பேன்.

வருஷா வருஷம் இதே பேச்சு. அவன் ஷூ லேஸைக் கட்டி வைத்திருந்தான், பாவம். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. ஏன் மறைக்க வேண்டும்?

ஆனால் அவனுடைய துப்பாக்கிக்கு ஒரு யோகம் இருந்தது. பிடியோடு சேர்ந்த இரும்புச் சட்டத்தில், குழலில், குண்டு போடுகிற உருளையில், மூன்று இடத்திலும் ஒரே எண். தொழிற்சாலையில் பிறந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படி. என்னுடையதில் உருளை மட்டும் வேறு எண். என்றைக்கோ ஏதோ பட்டாளத்துக் கிடங்கில் மாறிப்போயிருக்கிறது. இதை நான் அவனிடம் சொன்னதில்லை. “என்னுதும் மூணு எண்ணும் ஒண்ணுதான்” என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எப்படி மாற்றுவது? அவனுக்கு அப்போதே கண் மங்கல், பிறகு புரையும் விழுந்தது. பொடி எண்ணைப் படிக்க முடியாது. நம்பிவிட்டான்.

எங்கள் தொழிலில் ஒரு பாடம் உண்டு, தம்பி. முதல் பாடமே அதுதான். மழைக்காலத்தில் துப்பாக்கியைத் தோல் உறைக்குள் வைக்கக் கூடாது. பெலவேந்திரன் என்னிடம் ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறான். “தோல் தண்ணி குடிக்கும்யா. குடிச்சதை இரும்புக்கு ஊட்டி விடும். உறையைத் தனியா வை, இரும்பைத் தனியா வை.” நானும் புது ஆட்களிடம் இதையே சொல்வேன், நான் கண்டுபிடித்த மாதிரி.

போன வருஷம் தென்மேற்கு மழை தொடங்கிய வாரம் என் சம்பந்தி வந்தார். ஏரிக் கதையைக் கேட்க ஆசைப்பட்டார். கதைக்கு உறையோடு இருந்தால்தான் அழகு. உறைக்குள் செருகி, கயிற்றையும் மாட்டி, சுவரில் தொங்கவிட்டுச் சொன்னேன். அழுதுவிட்டார் மனுஷன். அவர் போன பிறகு கயிற்றைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். துப்பாக்கியைக் கழற்ற மறந்தேன். மூன்று மாதம். எடுத்துப் பார்த்தால் உருளை முழுக்க அம்மைத் தழும்பு போலத் துரு தின்றிருந்தது. குழலும் சட்டமும் தப்பித்தன. உருளை போயிற்று. எண்ணெய் போட்டேன், துடைத்தேன், தழும்பு போகுமா?

யாரிடம் சொல்வேன்? அவனிடமா? “ஆயிரம் தரம் சொன்னேனே” என்று ஆயிரத்தோராவது தரமும் சொல்வான். டிசம்பர் முதல் ஞாயிறு இரண்டு பேரும் பிரித்துத் துடைக்கிற நாள். காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். அடுத்த டிசம்பருக்கு என்ன நோயைச் சொல்வது என்று அன்றைக்கே கவலை வந்துவிட்டது.

அப்போதுதான் தேர்தல் வந்தது. தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், தெரியும் அல்லவா? எல்லாம் முடிந்த பிறகுதான் திருப்பிக் கொடுப்பார்கள். பெலவேந்திரனுக்குக் காலில் சர்க்கரைப் புண், கட்டுப் போட்டிருந்தான்.

“யோவ் சற்குணம், என்னதையும் சேத்து நீயே குடுத்துட்டு வந்துடு. மாசிலாமணி நம்ம ஆளு, ஒண்ணும் சொல்ல மாட்டாரு” என்றான்.

“உன் குழந்தைய என்னை நம்பித் தர்றியா?”

“உன் பேச்சைத்தான்யா நம்ப மாட்டேன். உன்னை நம்புவேன்” என்றான்.

பாருங்கள், இப்படியெல்லாம் பேசுகிறவனை என்ன செய்வது?

ஏழாம் மைல் நிழற்குடையில் பஸ்ஸுக்கு நின்றேன். மூடுபனி. பக்கத்தில் நின்ற மாடுகூடத் தெரியவில்லை. பையில் இரண்டு துப்பாக்கி. வெப்ளியில் உருளையைக் கழற்ற ஆயுதம் வேண்டாம், தம்பி. இடது பக்கத்தில் அகலமான வாயுள்ள ஒரு திருகாணி. ஓர் எட்டணாக் காசு போதும். என் சட்டைப் பையில் செல்லாத எட்டணா ஒன்று, ராசிக்காக வைத்திருந்தேன். நான் எடுக்க நினைக்கவில்லை. கை எடுத்தது. அவனுடைய உருளை என் துப்பாக்கியில், என்னுடையது அவன் துப்பாக்கியில். வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

என்ன கணக்குப் போட்டேன் என்றால், திரும்பி வரும்போது துருவைப் பார்த்து, ஸ்டேஷன் ஈரத்தில் கெட்டுவிட்டது என்று அவன் நினைத்துக்கொள்வான். பிறகு, ரொம்ப நாள் கழித்துத்தான் தோன்றியது: என் துருவையே ஸ்டேஷன் ஈரம் என்று சொல்லியிருக்கலாமே! எதையும் மாற்றாமலே தப்பித்திருக்கலாமே! நாற்பது வருஷம் ஊருக்கெல்லாம் யோசனை சொன்ன மூளை, எனக்கென்று வரும்போது பனியில் நின்றுவிட்டது.

ஸ்டேஷனில் ரைட்டர் மாசிலாமணி. ஏட்டு. ரொம்ப நல்ல மனுஷர். பழைய வேட்டிகளை வீட்டிலிருந்து கொண்டுவந்து, ஒவ்வொரு துப்பாக்கியையும் சுற்றி, சீட்டுக் கட்டி அடுக்குவார்.

“ஐயா, அவர் நேர்ல வரணுமே” என்றார்.

“கால் புண்ணு மாசிலாமணி. நடந்தா ரத்தம் வருது.” ரத்தம் வரவில்லை. சும்மா சேர்த்தேன்.

“ஐயோ பாவம். சரி, நேர்ல வந்ததாவே எழுதிக்கறேன். வெளியில சொல்லிடாதீங்க.”

துப்பாக்கிச் சட்டத்தில் இருந்த எண்ணை லைசென்சோடு ஒப்பிட்டார். உருளை எண்ணை எந்தப் போலீஸ் பார்க்கிறது? ரசீது கொடுத்தார். பெலவேந்திரனுக்குப் போடச் சொல்லி ஏதோ பச்சிலைக் களிம்பும் கொடுத்தனுப்பினார்.

தேர்தல் முடிந்து இரண்டு பேரும் போய் வாங்கி வந்தோம். வீட்டில் உட்கார்ந்து பெலவேந்திரன் உருளையை ஒரு சுற்று சுற்றினான். காதருகே வைத்தான். இன்னொரு சுற்று.

“யோவ், இதோட பேச்சு மாறிடுச்சு.”

“இரும்பு என்ன பேசும்?”

“முன்னாடி டிக் டிக்குனு சொல்லும். இப்ப தொண்ட கட்டின மாதிரி சொல்லுது.”

ஃபிட்டர் காது, தம்பி. கண் போனாலும் காது போகவில்லை. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. சரியாகச் சொன்னால் கொஞ்சம் இறங்கியது.

ஆடி மாதம் கண் ஆபரேஷன் செய்துகொண்டான். நான்தான் கூடப் போனேன், நான்தான் சொட்டு மருந்து விட்டேன். கட்டுப் பிரித்த மறுவாரம் என்ன செய்தான் தெரியுமா? பேத்தி முகத்தைப் பார்த்தான். அடுத்தது துப்பாக்கியை எடுத்தான். பூதக்கண்ணாடி வைத்துப் படித்தான். சட்டம் ஓர் எண், குழல் அதே எண், உருளை வேறு எண். அதற்கு மேல் துரு. அந்த உருளை எண் யாருக்குத் தெரியும்? உலகத்தில் எனக்கு மட்டும். “மூணும் ஒண்ணு” என்று நான் அன்றைக்குச் சொன்ன பொய் எனக்கே மதில் சுவராக நின்று காவல் காத்தது.

“மாத்திட்டானுங்கய்யா! ஸ்டேஷன்ல மாத்திட்டானுங்க! எவனோ பெரிய மனுஷன் துப்பாக்கிக்கு என் உருளையைக் கழட்டிப் போட்டுட்டான் அந்த ரைட்டர். எழுதுய்யா மனு!” என்றான். என் சட்டைப் பையிலிருந்த பேனாவை அவனே உருவி என்னிடம் நீட்டினான்.

“வழியில பஸ்ஸுல நீ கண்ணு எடுக்கலியே?”

“இமைக்கலே, வேந்தா.”

மனு எழுதினேன். ஆமாம், நான்தான். வேறு யார் எழுதுவார்கள் இந்த ஊரில்? அரைகுறையாக எழுதலாம் என்றுதான் பேனாவைத் திறந்தேன். ஆனால் ஒரு வரி வந்துவிட்டது. ‘தாய் நம்பி ஒப்படைத்த குழந்தையைத் தொட்டிலிலேயே மாற்றிய கைகளை இந்த அரசு அடையாளம் காணாதா?’ என்று. அப்படி ஒரு வரி வந்த பிறகு எப்படி, தம்பி, நிறுத்துவது? நாலு பக்கம். அதைப் படித்த மேலதிகாரி அன்றைக்கே விசாரணைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். என் வாழ்க்கையிலேயே சிறந்த மனு அதுதான் என்று இப்போதும் சொல்வேன். சொல்லக் கூடாது, ஆனால் சொல்வேன்.

மாசிலாமணிக்கு இந்த மாதம் முப்பதாம் தேதி பணி ஓய்வு. இன்றைக்குத் தேதி என்ன? இருபத்தெட்டு. உங்களுக்கே தெரியும், விசாரணை நிலுவையில் இருந்தால் கடைசி நாளில் சஸ்பெண்டு செய்துவிடுவார்கள். ஓய்வும் கிடையாது, வேலையும் கிடையாது. முப்பத்தைந்து வருஷம் ஒரு குறிப்பாணைகூட வாங்காத மனுஷர். பெலவேந்திரன் மனுவைத் திரும்பப் பெற்றால் போதும், எல்லாம் தீரும். அவன் பெறமாட்டேன் என்கிறான்.

பத்து நாள் முன்னால் மாசிலாமணியைக் கடைத்தெருவில் பார்த்தேன். நான் பார்க்காத மாதிரி கருவாட்டுக் கடைக்குள் நுழைந்தேன். அவரே பின்னால் வந்தார்.

“ஐயா, ரெண்டையும் நீங்கதான் கொண்டாந்தீங்கன்னு நான் விசாரணைல சொல்லல” என்றார்.

நான் கடைக்காரரிடம் கருவாடு என்ன விலை என்று கேட்டேன், தம்பி!

“சொன்னா உங்களையும் கூப்பிட்டு உக்கார வெப்பாங்க. வயசான காலத்துல வீண் அலைச்சல். நான் பொய்யா எழுதினது என் தப்புதானே” என்றார். பிறகு, “அவர் கால் இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டார்.

அவருக்குத் தெரியுமா, தெரியாதா? முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடலாம். நான் கருவாட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் யாரும் கருவாடு சாப்பிடுவதில்லை. அரைக் கிலோ வாங்கி வந்தேன்.

அதற்கு மேல் தாங்கவில்லை. இரண்டு நாள் கழித்து நேராக பெலவேந்திரன் வீட்டுக்குப் போனேன். அவன் எண்ணெய்ச் சீசாவைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“வேந்தா, அந்த உருளையை எடுத்தது நான்தான்.”

நிமிர்ந்து பார்த்தான். “எப்படி எடுத்தே?”

“எட்டணாக் காசால.”

“எங்க வெச்சு?”

“ஏழாம் மைல் நிழற்குடையில.”

“கூட அந்தச் சிறுத்தையும் இருந்துச்சா?”

சிரிக்க ஆரம்பித்தான் பாருங்கள், புதுக் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தான். நான் சத்தியம் செய்தேன். செய்யச் செய்ய அதிகமாகச் சிரித்தான். துரு கதையைச் சொன்னேன். சம்பந்தி கதையைச் சொன்னேன். உருளை எண்ணைச் சொன்னேன்.

“எண்ணைத்தான் நீயே மனுவில எழுதினியே, மனப்பாடம் இருக்காதா?” என்றான்.

சிரித்து முடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான். “தெரியும்யா. மாசிலாமணிக்காகப் பழியை நீ ஏத்துக்கறே. வாய் பூராப் பொய், ஆனா உன் மனசு வெள்ளை. அந்த ஆளுக்கு இருக்கா இந்த மனசு?”

அடித்திருக்கலாம், தம்பி. காறித் துப்பியிருக்கலாம். ‘மனசு வெள்ளை’ என்றான். நானும், நானும் தலையாட்டிவிட்டேன். ஏன் ஆட்டினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. கேட்க நன்றாக இருந்தது.

“நிஜம்னா உன் துப்பாக்கிய எடுத்துட்டு வா, எண்ணைப் பாப்போம்” என்று வேடிக்கையாகச் சொன்னான்.

“டீ ஆறறதுக்குள்ள வரேன்” என்று எழுந்தேன். எட்டு நாள் ஆகிறது.

வீட்டுக்குப் போய் உருளையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாயால் சொன்னால் அது சற்குணத்தின் கதை. கையில் கொடுத்துக் காட்டினால் திருட்டு. காட்டிய பிறகு அவன் என்னை எப்படிப் பார்ப்பான்? அதுவும் இந்தப் புதுக் கண்ணோடு? முப்பத்தோரு வருஷம் மங்கலாகவே பார்த்துப் பழகியவன். நான் அதற்குப் பழகிவிட்டேன்.

அதனால்தான் மகள் வீட்டுக்கு மேட்டுப்பாளையம் போகிறேன், மாதம் முடிகிறவரை. ஓடவில்லை. பேரனுக்குச் சளி. கொஞ்சம் சளி.

நீங்கள் ஏழாம் மைலுக்கு டிக்கெட் கேட்டது காதில் விழுந்தது. மூன்று சீட் காலியாக இருந்தும் உங்களை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தேனே, ஏன் என்று நினைத்தீர்கள்? இந்தாருங்கள், பிடியுங்கள். கனமாகத்தான் இருக்கும். பயப்படாதீர்கள், ஆறு ஓட்டை போட்ட இரும்புத் துண்டு, அவ்வளவுதான். இதை வைத்து யாரையும் சுட முடியாது. போலீஸ் கேட்டால் அதிகம் போனால் இரண்டு மணி நேரம் உட்கார வைப்பார்கள். மாசிலாமணி இருந்தால் டீ வாங்கித் தருவார். நாளைக்குள் கொடுத்தால்தான் அவர் இருப்பார், அதை மட்டும் மறக்காதீர்கள்.

ஸ்டாப்பில் இறங்கினால் எதிரிலேயே மஞ்சள் கேட் வீடு. பெலவேந்திரன் என்று கூப்பிட்டால் வருவான். கையில் கொடுங்கள். பஸ் சீட்டில் கிடந்தது என்று சொல்லுங்கள். எப்படி முகவரி தெரிந்தது என்று கேட்டால்... ஏதாவது சொல்லுங்கள், நீங்களும் மனுஷன்தானே, ஒரு பொய் வராதா?

என்ன அப்படித் தடவிப் பார்க்கிறீர்கள்? கட்டியிருக்கிற கயிறா? வீடெல்லாம் சணல் தேடினேன், ஒரு முழம் கிடைக்கவில்லை. கைக்கு எட்டியதை எடுத்துக் கட்டிவிட்டேன். ஆமாம், பின்னல் கயிறுதான். பழுப்பு நிறம்தான். இரண்டு முடிச்சும் இருக்கிறது. அதனால் என்ன இப்போது? கட்டுவதற்குத்தானே கயிறு. நீங்கள் அவிழ்க்காதீர்கள். அவனே அவிழ்க்கட்டும். மெதுவாக அவிழ்க்கச் சொல்லுங்கள், நூறு வருஷத்துக் கயிறு, இழுத்தால் பிரிந்துவிடும்.

விசில் அடித்துவிட்டார், எழுந்திருங்கள். பார்த்து, படியில் ஈரம். யார் கொடுத்தது என்று கேட்டால் ஒரு கிழவன், முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லுங்கள். என் பெயர் மட்டும் உங்கள் வாயில் வரவே கூடாது, தம்பி. எங்கே, சத்தியம் பண்ணுங்கள்.